உராய்வு என்று எழுதி முடித்த வரலாறு

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் அறை தரைமட்டமானால், மறுநாள் நாளிதழில் வரப்போகும் வரி எங்களுக்கு மனப்பாடம். மருந்து கலக்கும்போது ஏற்பட்ட உராய்வால் விபத்து நேர்ந்தது என்று இருக்கும். அதில் பொய் ஒன்றுமில்லை, உராய்வு இருந்திருக்கும். ஆனால் நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், எவ்வளவு மருந்து குவிந்துகிடந்தது, உரிமம் யார் பெயரில் இருக்கிறது, அந்த அறையை உள்குத்தகைக்கு எடுத்தவர் யார், இத்தனை நாளில் இத்தனை பெட்டி என்று அவருக்குக் கெடு வைத்தவர் யார் என்ற கேள்விகள் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் புதைந்துபோகும். துக்க வீட்டு வாசலில் வந்து உட்காரும் கிழவிகள் உராய்வைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. "உள்ள எத்தன பேரு இருந்தாக? யாரு எடுத்த ரூமு?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

இந்தக் கரிசல் மண் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதி முழுக்கப் பற்றி எரிந்தது. நெற்கட்டும்செவலில் தொடங்கி காளையார்கோயில் காடு வரை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள். அந்த நெருப்புக்கும் உராய்வு என்றே காரணம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இந்தியாவுக்காக உரசிக்கொண்டார்கள், பொறி பறந்து வந்து தென்பாளையங்களில் விழுந்தது, பிரெஞ்சுக்காரர் தோற்றதும் தீ அணைந்தது என்பது அந்தக் கதை. பள்ளிப் புத்தகத்தில் கர்நாடகப் போர்கள் ஓர் அத்தியாயம், பாளையக்காரர் கிளர்ச்சி அடுத்த அத்தியாயம். முன்னது காரணம், பின்னது விளைவு என்று பிள்ளைகள் தாமே முடிச்சுப் போட்டுக்கொள்கிறார்கள். 1881இல் திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றை எழுதிய கால்டுவெல்லின் பார்வையில் பாளையக்காரர்கள் ஒழுங்கற்ற கூட்டம், அவர்களை அடக்கியதுதான் கும்பெனி செய்த நன்மை. இப்போது மேடைகளில் கேட்கும் பெருமிதக் குரல் இதற்கு நேர்எதிர் போலத் தோன்றும். பிரான்சில் வெடித்த புரட்சியின் காற்று திப்புவின் சீரங்கப்பட்டணம் வழியாக இங்கேயும் வீசியது, மருது சகோதரர்கள் அந்தக் காற்றில்தான் எழுந்தார்கள் என்று அந்தக் குரல் சொல்கிறது. ஒரு குரல் வைகிறது, மற்றது புகழ்கிறது. இரண்டுமே நம் ஊர்க்காரனுக்குச் சொந்தமாக ஒரு கோபம் இருந்திருக்க முடியாது என்று நம்புகின்றன. இந்த நம்பிக்கையைத்தான் நான் மறுக்கிறேன்.

எதிர்த்தரப்புக்குச் சான்றே இல்லை என்று நான் சொல்லவில்லை. மதுரைக் கோட்டையில் கான் சாகிப் 1763இல் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். ஹைதர் அலியோடு பிரெஞ்சுப் படை கைகோத்தது. 1783இல் கர்னல் ஃபுல்லார்டன் பாஞ்சாலங்குறிச்சியைப் பிடித்தபோது, கொழும்பு டச்சுக்காரரோடு செய்துகொண்ட ஒப்பந்தப் பத்திரம் கோட்டைக்குள்ளேயே கிடைத்தது. கும்பெனிப் படை வடக்கே மாட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் பாளையங்கள் கிஸ்தியை நிறுத்தியதும் உண்மை. இவ்வளவையும் ஒப்புக்கொண்டுதான் பேசுகிறேன்.

முதலில் நாட்காட்டியைப் பார்ப்போம். திருச்சிராப்பள்ளிக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நடத்திய நெடிய போர் 1754 அக்டோபரில் போர்நிறுத்தத்தில் முடிந்தது. படைக்கு வேலை இல்லை. 1755 தொடக்கத்திலேயே கர்னல் ஹெரோன் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளுக்கு வரி பிரிக்கப் புறப்பட்டுவிட்டார். அடுத்த போரில் 1761 ஜனவரி 16ஆம் நாள் பாண்டிச்சேரி சரணடைந்தது. நான்கே மாதத்தில், மே மாத நடுவில், நெற்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் பனையூரும் விழுந்தன. ஒன்றரை ஆண்டுக்கு முன் இதே வாசுதேவநல்லூரில் இதே கான் சாகிப் அடிபட்டுத் திரும்பியிருந்தார். அப்போது கும்பெனியின் கவனமெல்லாம் பிரெஞ்சுக்காரர் மேல் இருந்தது. மூன்றாவது முறை 1783. கடலூர் முற்றுகை நடந்துகொண்டிருக்கும்போது ஐரோப்பாவில் சமாதானம் என்று செய்தி வந்தது. கடலூருக்கு உதவப் போய்க்கொண்டிருந்த ஃபுல்லார்டனின் படை தெற்கே திரும்பியது, ஆகஸ்டில் பாஞ்சாலங்குறிச்சி, அதையடுத்து சிவகிரி. நான்காவது, 1799 மே 4இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு இறந்தார். செப்டம்பர் 5ஆம் நாள் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சி வாசலில் நின்றார்.

நான்கு முறையும் வரிசை ஒன்றுதான். பிரெஞ்சுக்காரரோடோ அவர்கள் நண்பர் திப்புவோடோ நடந்த போர் ஓய்கிறது, ஓய்ந்த கையோடு பீரங்கி நம் ஊருக்கு வருகிறது. பிரெஞ்சுக்காரர் தூண்டித்தான் தெற்கே கலகம் நடந்தது என்றால், அவர்கள் கை ஓங்கியபோது தெற்கு கொதித்திருக்க வேண்டும், அவர்கள் ஒடுங்கியதும் அடங்கியிருக்க வேண்டும். நடந்தது வேறு. ஐரோப்பியச் சண்டை நடக்கும்வரை பாளையங்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. சண்டை முடிந்த அன்று அந்த நேரமும் முடிந்தது. கும்பெனி வேறிடத்தில் மாட்டியிருந்தபோது கிஸ்தி கட்டாதவன் பிரெஞ்சுக்காரனின் ஆள் ஆகிவிடுவானா? வட்டிக்காரன் ஊரில் இல்லாத வாரம் நிம்மதியாகத் தூங்குகிறவனை, வட்டிக்காரனின் பங்காளி தூண்டிவிட்டான் என்று யாரும் சொல்வதில்லை.

கான் சாகிப் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிரெஞ்சுத் தூண்டுதல் கட்சிக்கு இருக்கும் ஒரே வலுவான தூண் அவர்தான். பனையூரில் பிறந்து, சிப்பாயாகச் சேர்ந்து, கும்பெனியின் இந்தியச் சிப்பாய்களுக்கெல்லாம் தலைவராக உயர்ந்தவர். திருச்சி முற்றுகையில் பிரெஞ்சுக்காரரோடு மோதினார். 1758 இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது வெளியே இருந்து அவருடைய படையை அலைக்கழித்தார். கும்பெனி தங்கப் பதக்கம் கொடுத்துப் பாராட்டியது. பிறகு மதுரையும் திருநெல்வேலியும் அவர் குத்தகைக்கு வந்தன. குத்தகைப் பணத்தை யாரிடம் கட்டுவது, யாருக்குக் கீழ்ப்படிவது என்பதில்தான் ஆற்காட்டு நவாப் முகமது அலிக்கும் அவருக்கும் பகை மூண்டது. கும்பெனி நவாபின் பக்கம் சாய்ந்தது. வாழ்நாள் முழுக்கப் பிரெஞ்சுக்காரரை எதிர்த்து வாள் பிடித்தவர் அதன் பிறகே அவர்கள் கொடியை எடுத்தார்.

எந்த நேரத்தில் எடுத்தார் என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. 1763 பிப்ரவரி 10ஆம் நாள் பாரிசில் இரு நாடுகளும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதன் 11ஆவது பிரிவு, கர்நாடகத்தின் முறையான நவாப் முகமது அலியே என்று ஒப்புக்கொள்கிறது. ஆங்கிலேயர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை, பிரெஞ்சு மன்னரும் சேர்ந்தே ஒப்புக்கொண்டார். எந்த நவாபை எதிர்த்து மதுரையில் பிரெஞ்சுக் கொடி பறந்ததோ, அதே நவாபுக்குப் பிரான்ஸ் தன் முத்திரையைப் போட்டுக் கொடுத்துவிட்டது. அந்தக் கொடிக்குப் பின்னால் ஓர் அரசும் இல்லை. பாண்டிச்சேரி விழுந்தபின் பிழைப்புத் தேடி வந்த மார்ச்சண்ட் என்ற அதிகாரியும், அவரோடு ஏறக்குறைய இருநூறு ஐரோப்பியரும் இருந்தார்கள், அவ்வளவுதான். மதுரை ஒரு வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது. முதல் முற்றுகை பின்வாங்கியது. கடைசியில், கோட்டைக்குள் பட்டினி பிடித்தபோது, 1764 அக்டோபர் 13ஆம் நாள் கான் சாகிபைப் பிடித்துக் கட்டி ஒப்படைத்தவர்களில் முதல் ஆள் அந்த மார்ச்சண்ட்தான். 15ஆம் நாள் தூக்கிலிட்டார்கள். மதுரையில் கான்சா மேட்டுத் தெரு இன்றும் அவர் பெயரைச் சுமக்கிறது, சம்மட்டிபுரத்தில் அடக்கத்தலம் இருக்கிறது. இந்தக் கதையை வைத்துக்கொண்டு, தென்னாட்டுக் கிளர்ச்சிக்குப் பிரெஞ்சுக்காரர் துணை நின்றார்கள் என்று எப்படிப் பேச மனம் வருகிறது?

மங்களூரிலும் இதேதான். 1783இல் திப்புவோடு சேர்ந்து முற்றுகையிட்ட பிரெஞ்சுப் படை, ஐரோப்பாவில் சமாதானம் என்று கேள்விப்பட்டதும் அவரைத் தனியே விட்டு விலகிக்கொண்டது.

அப்படியானால் இரு வல்லரசுகளின் போட்டிக்கும் நம் கிளர்ச்சிக்கும் தொடர்பே கிடையாதா? உண்டு, நிச்சயமாக உண்டு. ஆனால் தேட வேண்டிய இடம் கொடியோ தூதுவரோ அல்ல, கணக்குப் புத்தகம். திருச்சிக்காக நடந்த போரின் செலவைக் கும்பெனி நவாப் முகமது அலியின் பற்றில் எழுதியது. அவருக்காகத்தானே போரிட்டோம் என்றது. பாண்டிச்சேரியை முற்றுகையிட்ட செலவும் அவர் தலையில் ஏறியது. கட்டப் பணமில்லாத நவாப், சென்னையில் இருந்த அதே கும்பெனி அதிகாரிகளிடம் தனிப்பட்ட முறையில் கடன் வாங்கினார், நூற்றுக்கு இருபதுக்கு மேல் வட்டி. கடனுக்கு ஈடாகச் சீமை சீமையாக வரி வருமானத்தை எழுதிக் கொடுத்தார். பால் பென்ஃபீல்டு போன்றவர்கள் இப்படித்தான் கொழுத்தார்கள். 1785 பிப்ரவரியில் லண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் இந்தக் கடன் மோசடியைப் பற்றி நீண்ட உரையாற்றினார்.

குத்தகை எப்படி இறங்கி வந்தது என்று பாருங்கள். கும்பெனிக்கு நவாப் கடன்பட்டார். 1755இல் ஹெரோன், நவாபின் அண்ணன் மாபூஸ்கானுக்கு மதுரை, திருநெல்வேலி இரண்டையும் ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய்க்குக் குத்தகை விட்டார். மாபூஸ்கான் பாளையக்காரர்களை நெருக்கினார், பாளையக்காரர் கிராமத்தை நெருக்கினார், கடைசியில் வானம் பார்த்த கரிசலில் கம்பும் பருத்தியும் விதைத்தவன் மேல் வந்து நின்றது. ஒருவருக்குக் கீழ் ஒருவராக ஒவ்வொருவரும் தன் லாபத்தை வைத்து அடுத்தவனுக்குக் கெடு வைப்பது எப்படி இருக்கும் என்று எங்கள் பகுதிக்கு விளக்க வேண்டியதில்லை. உள்குத்தகை சட்டப்படி குற்றம் என்று அதிகாரிகள் எத்தனை முறை சொன்னாலும், ஓர் அறையின் வாடகை இன்னோர் ஆளின் தலையில் ஏறி, அது கூலி வாங்குபவளின் விரல் வேகத்தில் போய் முடிவதை நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

ஹெரோனின் பயணம் வெறும் வசூல் பயணம் என்று நினைத்துவிடக் கூடாது. மதுரைக்குப் பக்கத்துக் கோவில்குடியில் கோயிலைக் கொள்ளையிட்டு விக்கிரகங்களைத் தூக்கிவந்தார்கள். திரும்பும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் படையை மறித்துத் தாக்கி அவற்றை மீட்டார்கள். திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு சிறு கோட்டையில் புகுந்து ஆண், பெண், குழந்தை என்று பார்க்காமல் வெட்டினார்கள். நானூறு பேரில் உயிர் தப்பியவர்கள் ஆறு பேர் என்று கும்பெனியின் வரலாற்றாசிரியர் ஓர்ம் எழுதியிருக்கிறார். நெற்கட்டும்செவல் புலித்தேவரிடம் கேட்ட தொகை பேரம் பேசி 20,000 ரூபாய்க்கு இறங்கியது. படைக்குச் சோறு தீர்ந்துவிட்டது என்பதைத் தெரிந்துகொண்ட புலித்தேவர் காசு தர மறுத்துவிட்டார். அந்த 1755ஆம் ஆண்டு முழுக்க ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையே சமாதானம் நிலவியது. எந்தப் பிரெஞ்சுக்காரன் வந்து புலித்தேவர் காதில் ஓதினான்? கோவில்குடிக் கள்ளனுக்கு யார் தூண்டுதல் தேவைப்பட்டது? சாமியைத் தூக்கிக்கொண்டு போகிறான், மறித்தார்கள்.

இந்தக் கணக்கைக் கடலுக்கு அப்பாலும் கொண்டுபோகலாம். ஏழாண்டுப் போருக்கு முன் பிரிட்டனின் தேசியக் கடன் ஏழரைக் கோடி பவுன் அளவில் இருந்தது, போர் முடிந்தபோது 13 கோடியைத் தொட்டது. அந்தச் சுமையில் ஒரு பங்கை அமெரிக்கக் குடியேற்றங்கள் தாங்கட்டும் என்று 1765இல் முத்திரைத்தாள் வரி போட்டார்கள். அவர்கள் கொதித்தார்கள். 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் அவர்கள் கடலில் கொட்டிய தேயிலை, நம் தெற்குச் சீமையில் கிஸ்தி பிரித்த அதே கும்பெனியின் சரக்கு. பழிதீர்க்க அமெரிக்கர் பக்கம் நின்ற பிரான்ஸ், நூறு கோடி லிவருக்கு மேல் செலவழித்தது. 1788 வாக்கில் அரசின் செலவில் ஏறத்தாழப் பாதி வட்டிக்கே போனது. புது வரி போட வழி தேடி மன்னர் 1789 மே மாதம் மூன்று வகுப்பாரின் சபையைக் கூட்டினார், அதன்பின் நடந்தது உலகுக்குத் தெரியும். பிலடெல்பியாக்காரன் வரிக்கு எதிராக எழுந்தால் அது புரட்சி. பாரிஸ்காரன் எழுந்தால் மாபெரும் புரட்சி. அதே போரின் அதே கடனில் பங்கு சுமத்தப்பட்ட நெற்கட்டும்செவல்காரன் எழுந்தால் மட்டும் அது வேறொருவர் பற்றவைத்த கலகம் என்று நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். எனக்கு இதைச் சகிக்க முடியவில்லை. மூன்றும் ஒரே போர்களின் செலவிலிருந்து பிறந்தவை. அதிலும் நாள் கணக்குப் பார்த்தால் நம்முடையதுதான் முந்தியது.

வரியைக் காட்டிலும் வரி கேட்ட விதம் இன்னும் ஆழமாகக் குத்தியது. அதற்கு எங்கள் மாவட்டத்தின் சாலையே சாட்சி. 1792இல் நவாபோடு செய்த உடன்படிக்கையின்படி பாளையங்களின் பேஷ்குஷை, அதாவது கப்பத்தை, கும்பெனி நேரடியாகப் பிரிக்கத் தொடங்கியது. 1798 மே மாத இறுதியில் பாஞ்சாலங்குறிச்சி வீரபாண்டியக் கட்டபொம்மன் பேரில் இருந்த பாக்கி 3,310 பகோடா. இராமநாதபுரத்தில் வந்து பார்க்கும்படி கலெக்டர் ஜாக்சன் கடிதம் அனுப்பினார். அனுப்பிவிட்டுத் தாம் குற்றாலம் பக்கம் கிளம்பிவிட்டார். கட்டபொம்மன் பின்னாலேயே போனார். சொக்கம்பட்டியில் பார்க்க அனுமதி இல்லை, சிவகிரியில் இல்லை, சேத்தூரில் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் முகாம் போட்டிருந்த கலெக்டர் அங்கேயும் பார்க்க மறுத்தார். விருதுநகரை ஒட்டியிருக்கும் பாவாலியிலும் அதே பதில். இப்படி 23 நாட்கள், ஏறக்குறைய 400 மைல் அலைந்து, செப்டம்பரில் இராமநாதபுரம் அரண்மனையில்தான் சந்திக்க முடிந்தது. அங்கே நிற்க வைத்தே விசாரித்தார்கள், கைகலப்பு மூண்டது, கட்டபொம்மனின் அமைச்சர் தானாபதிப் பிள்ளை பிடிபட்டார். பின்னர் விசாரித்த கும்பெனி ஜாக்சனின் நடத்தை தவறென்று கண்டு அவரைப் பதவியிலிருந்து நீக்கியது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து விருதுநகருக்குப் பேருந்தில் வரும்போதெல்லாம் அந்த ஊர்வலம் என் கண்ணில் வரும். ஆவணி வெயில். பல்லக்கும் பரிவாரமுமாக ஒரு பாளையத் தலைவர், பணம் கட்டத் தயாராக, ஒரு கலெக்டரின் கூடாரத்துக்கு வெளியே நிற்கிறார். உள்ளே இருந்து வரும் சேதி, அடுத்த ஊருக்கு வா. இந்தச் சாலையில் பிரான்ஸ் எங்கே இருக்கிறது? அதே மாதங்களில் நெப்போலியன் எகிப்தில் இறங்கியிருந்தது உண்மை. அந்தப் பயத்தைக் காட்டித்தான் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி திப்புவின் மேல் படையெடுக்க நியாயம் தேடினார். பாவாலியில் காத்துக்கிடந்தவருக்கு நெப்போலியனால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. தான் மதிக்கப்படவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது, அது போதும்.

1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். அவரோடு நின்ற பாளையங்களைப் பறித்தார்கள். நாகலாபுரம், காடல்குடி, குளத்தூர், கோலார்பட்டி, ஏழாயிரம்பண்ணை. கடைசிப் பெயரை எங்கள் பக்கத்தில் சொன்னால் பட்டாசு ஆலைகள்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். சாத்தூரிலிருந்து அங்கே போகும் வழியெல்லாம் வேலி போட்ட கரிசல் நிலமும் அதற்குள் தள்ளித் தள்ளிக் கட்டிய சிறு அறைகளும். அந்த ஊரின் பேரில் ஒரு பாளையம் இருந்தது, கும்பெனியை எதிர்த்ததற்காக அது பறிபோனது என்று அங்கே ஒரு பலகைகூட என் கண்ணில் பட்டதில்லை. அந்த அக்டோபரிலேயே பானர்மேன் கோட்டைகளை இடிக்கவும், துப்பாக்கியும் ஈட்டியுமாக இருந்த ஆயுதங்களை ஒப்படைக்கவும் உத்தரவு போட்டார்.

இனிமேல்தான் உராய்வுக் கதைக்கு உண்மையான சோதனை. 1793 ஆகஸ்டிலேயே பாண்டிச்சேரியை ஆங்கிலேயர் மறுபடி பிடித்துவிட்டார்கள். 1799இல் திப்புவும் இல்லை. தமிழ் நிலத்தில் ஆயுதம் வைத்திருக்கும் பிரெஞ்சுப் படை ஒன்றுகூடக் கிடையாது. அந்தக் கதைப்படி இப்போது தென்னாடு அமைதியாகக் கிடக்க வேண்டும். ஆனால் எல்லாவற்றிலும் பெரிய எழுச்சி இதன் பிறகே வந்தது. 1801 பிப்ரவரி 2ஆம் நாள் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் மற்றவர்களும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார்கள். இடித்துத் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை ஊர்மக்கள் ஆறே நாளில் மண்ணால் எழுப்பினார்கள். மார்ச்சில் தாக்கிய கும்பெனிப் படை பெரும் சேதத்தோடு பின்வாங்கியது. மே 24 வரை அந்த மண்சுவர் நின்றது. வரலாற்றாசிரியர் கே. ராஜய்யன் இந்த 1800, 1801 எழுச்சியைத்தான் முதல் விடுதலைப் போர் என்று தனி நூலாகவே எழுதினார், அரை நூற்றாண்டு ஆகிறது. பாடப்புத்தகத்தின் அத்தியாய வரிசை இன்னும் அசைந்தபாடில்லை.

அந்தப் போரில் எதிர்ப்பக்கம் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரியின் நினைவுக் குறிப்புகள் 1830இல் வெளியாயின. ஊமைத்துரை பேச முடியாதவர், மெலிந்த உடம்பு. திட்டத்தைச் சொல்ல அவருக்கு ஒரு வழி இருந்தது என்று வெல்ஷ் எழுதுகிறார். வைக்கோல் துணுக்குகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் அடுக்குவார். அதுதான் ஆங்கிலப் படை. வலது கையால் அதை ஒரே வீச்சில் வழித்துத் தள்ளி, வாயால் சீறுவது போல ஓர் ஒலி எழுப்புவார். அதுதான் தாக்குதலுக்கு அடையாளம். கோட்டை விழுந்த அன்று அவர் காயத்தோடு பிணங்களுக்கு இடையில் கிடந்தார். தன் மகனைத் தேடி வந்த ஒரு தாய், உயிர் போகும் நிலையில் இருந்த அவனைத் தூக்கப் போனாள். என்னை விட்டுவிட்டுச் சாமியைக் காப்பாற்று என்று அவன் சொன்னான். பெண்கள் சேர்ந்து ஊமைத்துரையைத் தூக்கிவந்து வீட்டில் கிடத்தினார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது துணியால் போர்த்தி, பிள்ளை அம்மை வார்த்துச் செத்துவிட்டான் என்று ஒப்பாரி வைத்தார்கள். அம்மை என்றதும் வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். பெயர்கூடத் தெரியாத அந்தத் தாய்க்கு முன்னால் நின்று, பிரெஞ்சுப் புரட்சியின் காற்று உன்மேல் வீசியது என்று சொல்ல எனக்கு நா எழாது.

எட்டயபுரத்து ஆட்கள் என்று எழுதியதை மறைக்கப் போவதில்லை. எட்டயபுரம் கும்பெனியோடு நின்றது. புலித்தேவர் மேற்குப் பாளையங்களைத் திரட்டியபோது கிழக்குப் பாளையங்கள் சேரவில்லை. அன்றைய பாஞ்சாலங்குறிச்சியே கும்பெனிக்கு இணங்கிப் போனது. பாளையக்காரர் ஏழைகளின் தோழர் என்றும் நான் சொல்லவில்லை. தேசகாவல் என்று அவர்கள் வாங்கிய பணமும் கிராமத்தின் வயிற்றிலிருந்துதான் வந்தது. ஆனால் காவல் பணம் வாங்கியவன் களவு போன மாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது, பஞ்சத்தில் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது, பங்குனித் திருவிழாவில் அதே மக்களின் முகத்தில் விழிக்க வேண்டியிருந்தது. லண்டனில் பங்கு வைத்திருந்தவனுக்கு இந்தத் தொல்லை ஏதுமில்லை. இந்த வேறுபாடு நம் ஊர் மக்களுக்குப் புரிந்திருந்தது. குறைகளைத் தெரிந்துகொண்டேதான் அவர்கள் ஒரு பக்கத்தைத் தேர்ந்தார்கள்.

1801 ஜூன் 16ஆம் நாள் திருச்சிக் கோட்டை வாசலிலும் சீரங்கம் கோயில் மதிலிலும் ஓர் அறிக்கை ஒட்டப்பட்டது. சிவகங்கையின் மருது பாண்டியர் விடுத்தது. எல்லாச் சாதியாரையும் விளித்துப் பேசும் அந்த அறிக்கை நோயின் மூலத்தை நேராகச் சொல்கிறது: முகமது அலி மூடத்தனமாக ஐரோப்பியருக்கு இடம் கொடுத்தான், அவர்கள் இந்த நாட்டைத் தமதாக்கிக்கொண்டார்கள், மக்கள் வறுமையில் வாடுகிறார்கள். யாரால் வந்த வினை, எந்த வழியாக வந்தது, எங்கே போய் வலிக்கிறது என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. சமத்துவம் பற்றிய பாரிஸ் வாசகங்களை அதில் தேடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அது சீமைக் கணக்கு தெரிந்தவர்களின் எழுத்து. நாம் இரு நூற்றாண்டுகளுக்குப் பிறகு உராய்வு என்று எழுதிக்கொண்டிருப்பதை, அவர்கள் அன்றே யார் எடுத்த குத்தகை என்று எழுதிவிட்டார்கள்.

காளையார்கோயில் காட்டை வெட்டி வழியமைத்து மருதிருவரையும் பிடித்தார்கள். 1801 அக்டோபர் 1ஆம் நாள் லண்டனில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானத்துக்கான முன்னுடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலேறினார்கள். அடுத்த பிப்ரவரியில் எழுபதுக்கு மேற்பட்டவர்களைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு அனுப்பினார்கள். கப்பலின் பெயர் அட்மிரல் நெல்சன். அவர்களில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவர், அப்போது அவர் சிறுவர். சின்ன மருதுவிடம் வளரி எறியக் கற்ற வெல்ஷ் 1818இல் பினாங்குக்குப் போனார். தளர்ந்துபோன ஓர் ஆள் அவரைத் தேடி வந்து நின்றார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. அவரே தன் பெயரைச் சொன்ன பிறகுதான் துரைசாமி என்று தெரிந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1816இல், பாண்டிச்சேரியை ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தார்கள்.